"மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டேன்"
அவசர சிகிச்சைப் பிரிவில் சொல்லாமல் விடப்படும் உண்மை

"வீட்டு விஷயம் வீதிக்கு வரக்கூடாது" என்று நம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் வீட்டுக்குள் ஒரு பெண்ணின் கை முறிந்தால், அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு அவள் வீதியைக் கடந்து மருத்துவமனைக்கு வந்துதானே ஆக வேண்டும்? அங்கே அவள் என்ன சொல்கிறாள், என்ன சொல்லாமல் விடுகிறாள், சொன்னால் என்ன நடக்கும், சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் டில்லி அரசு மருத்துவமனை ஒன்றின் காஷுவாலிடியில் பல ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தமிழ் தெரிந்தவள் என்பதால், ஹிந்தி சரியாகப் பேச வராத நம் பெண்கள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாடிப்படியில் விழுந்தவர்கள், குளியலறையில் வழுக்கியவர்கள், கதவில் இடித்துக்கொண்டவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் உண்மையாகவே விழுந்தவர்கள். சிலர் அப்படியல்ல.

இது எங்கோ யார் வீட்டிலோ நடக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் (18 முதல் 49 வயது வரை) சுமார் 29 சதவீதம் பேர் கணவனால் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு எப்போதாவது ஆளானவர்கள். தமிழ்நாட்டில் இது சுமார் 38 சதவீதம். படித்த மாநிலம், பண்பாடுள்ள மாநிலம் என்று நாம் பெருமைப்படும் தமிழ்நாடு நாட்டின் சராசரியை விட மேலே நிற்கிறது. டில்லிக்கு ரயில் ஏறும்போது நாம் இட்லிப் பானையை மட்டும் கொண்டுவரவில்லை. வீட்டுப் பழக்கங்களையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தோம்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்களில் எவரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம் மட்டுமே. 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, ஒருவரிடமும் வாய் திறந்து சொல்லவும் இல்லை. உதவி கேட்டவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு. போலீஸிடமோ டாக்டரிடமோ போனவர்கள் மிகச் சிலர்.

இங்கேதான் நம் போன்ற வெளியூர்க் குடும்பங்களின் சிக்கல் இருக்கிறது. திருச்சியிலோ சேலத்திலோ வாழ்க்கைப்பட்ட பெண், அடி தாங்க முடியாமல் போனால் ராத்திரி பஸ் பிடித்தாவது அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். டில்லிக்கு வந்த பெண்ணுக்கு அந்த வீடு 2000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. டிக்கெட் எடுக்கக் கையில் பணம் இருக்காது. போனில் சொன்னால் "பொறுத்துப் போம்மா, தங்கை கல்யாணம் முடியட்டும்" என்பார்கள். ஆகவே அவள் வீட்டை விட்டு வெளியே வந்து, முன்பின் தெரியாத, ஆனால் உதவக் கடமைப்பட்ட ஒருவர் முன்னால் உட்காரும் ஒரே இடம் பல சமயங்களில் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவாகவே இருக்கிறது. அந்தப் பத்து நிமிடம் மிக விலை உயர்ந்தது.

ஏன் சொல்வதில்லை?

முதல் காரணம், பக்கத்தில் நிற்கிறவர். அடித்தவரோ அவருடைய அம்மாவோ கூடவே வருவார்கள். டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்பார். பதில் அவர்களிடமிருந்து வரும். நம் பெண்ணுக்கு ஹிந்தி தெரியாவிட்டால் கேட்கவே வேண்டாம். கணவனே மொழிபெயர்ப்பாளன்! அவள் தமிழில் என்ன சொன்னாலும் அவன் ஹிந்தியில் "படியில் விழுந்துவிட்டாள்" என்று சொல்வான். சில வீடுகளில் பத்து வயதுக் குழந்தை மொழிபெயர்க்கும். குழந்தையின் வாயால் "அப்பா அடித்தார்" என்று சொல்லவைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

இரண்டாவது, போலீஸ் பயம். டில்லியின் பெரிய அரசு மருத்துவமனைகளில் காஷுவாலிடி அருகிலேயே போலீஸார் பணியில் இருப்பார்கள். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் வார்த்தை தொண்டைக்குள் போய்விடும்.

மூன்றாவது, பிழைப்பு. நம்மவர்களில் பலர் அரசு ஊழியர்கள். அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்கப்பட்டால் தற்காலிகப் பணிநீக்கம் ஆவார் என்பது விதி. அவர் வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். இன்னொரு பக்கம், குடிசைப் பகுதியிலிருந்து வந்து நாலு வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கோ, தங்கியிருக்கும் ஓர் அறையும் அவன் பெயரில் இருக்கிறது.

நான்காவது, மானம். சங்கத்தில் பார்ப்பார்கள், கோவிலில் பார்ப்பார்கள், ஊருக்குச் செய்தி போய்விடும் என்ற கூச்சம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்ற பழமொழி இன்னும் சாகவில்லை.

இவை எல்லாமே நியாயமான பயங்கள். "ஏன் அவள் வாயைத் திறக்கவில்லை?" என்று கேட்கிறவர்கள், இந்த நான்கையும் ஒரு தட்டில் வைத்துவிட்டு அப்புறம் கேட்கட்டும்.

உடம்பு சொல்லும் சாட்சி

வாய் பொய் சொன்னாலும் உடம்பு அவ்வளவு எளிதாகப் பொய் சொல்லாது. கீழே விழுகிறவர் தன்னை அறியாமல் கையை ஊன்றுவார்; ஆகவே பெரும்பாலும் மணிக்கட்டு அருகே எலும்பு முறியும். தலையில் விழும் அடியைத் தடுக்கக் கையைக் குறுக்கே உயர்த்துகிறவருக்கு, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறியும். தடுக்கி விழுந்தால் முழங்கால், முழங்கை, உள்ளங்கை சிராய்க்கும். கன்னம், கண், காது, கழுத்து, மார்பு, வயிறு இவற்றில் காயம் என்றால் யோசிக்க வேண்டும். ஒரு காயம் சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள் என்று வெவ்வேறு நிறத்தில் இருந்தால், அவை ஒரே நாளில் ஏற்பட்டவையாக இல்லாமல் இருக்கலாம். அடிபட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வருவது, அடிக்கடி வருவது, சொல்லும் கதைக்கும் காயத்துக்கும் பொருந்தாமல் இருப்பது ஆகியவையும் அடையாளங்களே. இவை எதுவும் தனியாக நின்று நிரூபணம் ஆகாது. ஆனால் கேள்வி கேட்கப் போதுமான காரணம் ஆகும்.

இரண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, கர்ப்பிணியின் வயிற்றில் அடி. வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றொன்று, கழுத்தை நெரிப்பது. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் குரல் கம்மிப்போவது, விழுங்கும்போது வலி, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், சிறிது நேரம் நினைவு தப்பியது ஆகியவை ஆபத்தான அறிகுறிகள். உள்ளே ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டு, சில மணி நேரமோ சில நாளோ கழித்துக்கூட உயிருக்கு ஆபத்து வரலாம். கழுத்தை நெரித்தவன் பிறகு கொலை வரை போகக்கூடும் என்பதையும் உலகெங்கும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. "தொண்டை கட்டிக்கொண்டது" என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு போகிற விஷயம் அல்ல இது.

ஸ்டவ் வெடித்த காலம்

டில்லிக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய, கசப்பான அனுபவம் உண்டு. 1970-களின் இறுதியில் தலைநகரின் தீக்காய வார்டுகளுக்கு இளம் மனைவிகள் வந்துகொண்டே இருந்தார்கள். காகிதத்தில் எழுதப்பட்ட காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்டவ் வெடித்தது. சமையல் செய்யும் மாமியாருக்கு வெடிக்காத ஸ்டவ் மருமகளுக்கு மட்டும் ஏன் வெடிக்கிறது என்று 1979-இல் டில்லியின் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கிக் கேட்டன.

அந்த ஆண்டு தன் மகளைத் தீக்கு இழந்த தாய் சத்யராணி சட்டா. வரதட்சணைக்காக மகள் சாகடிக்கப்பட்டாள் என்று அவர் தொடங்கிய சட்டப் போராட்டம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது. தன்னைப் போலவே மகளைப் பறிகொடுத்த ஷாஜஹான் ஆபாவுடன் சேர்ந்து 1987-இல் 'சக்தி ஷாலினி' என்ற அமைப்பை டில்லியில் ஏற்படுத்தினார். அடிபட்டு வெளியேறும் பெண்களுக்கு இடமும் துணையும் தருகிற அந்த அமைப்பு அவருக்குப் பின்னும் நடந்து வருகிறது.

இத்தகைய போராட்டங்களின் பயனாகவே சட்டங்கள் மாறின. 1983-இல் டில்லி போலீஸில் வரதட்சணைக் கொடுமைக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. அதே ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு சேர்ந்தது. 1986-இல் வரதட்சணைச் சாவுக்கான 304-பி வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 85, 80 பிரிவுகளாக இருக்கின்றன.

இதிலிருந்து நான் எடுத்துச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மருத்துவமனைக் காகிதத்தில் "ஸ்டவ் வெடித்தது" என்று எழுதப்பட்டுவிட்டால், அப்புறம் உண்மையை நிலைநாட்ட ஒரு தாய்க்கு ஓர் ஆயுள் போதவில்லை.

எம்.எல்.சி. என்ற காகிதம்

அடிதடி, விபத்து, தீக்காயம், விஷம் போன்றவற்றில் வருகிறவர்களுக்கு காஷுவாலிடி டாக்டர் ஒரு தனிப் படிவம் எழுதுவார். அதற்கு எம்.எல்.சி. என்று பெயர், மருத்துவ-சட்டச் சான்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவரின் பெயர், வந்த நேரம், அழைத்து வந்தவர் யார், என்னென்ன காயம், எந்த இடத்தில், எவ்வளவு நீளம், என்ன நிறம் எல்லாம் அதில் வரும். அதற்கெல்லாம் முன்னால், "நடந்ததாகச் சொல்லப்படுவது" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

அந்த வரியில் "படியிலிருந்து விழுந்ததாகச் சொல்கிறார்" என்று எழுதப்பட்டால், பின்னால் அவள் நீதிமன்றம் போகும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். "இன்ன தேதி, இன்ன நேரத்தில் கணவன் கட்டையால் அடித்ததாகச் சொல்கிறார்" என்று இருந்தால், அதே காகிதம் அவளுக்குத் துணை. "யாரோ அடித்ததாக" என்று மொட்டையாக எழுதினால் பாதிப் பயன்தான். யார், எதனால், எப்போது என்று மூன்றும் வேண்டும்.

எனக்கு நினைவிருக்கிற ஒரு பெண் இருக்கிறாள். முன்கை முறிந்து வந்தாள். "ஈரத்துல வழுக்கி விழுந்துட்டா" என்றார் மாமியார். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்-ரே அறைக்குள் உறவினர்களை விடமாட்டார்கள். அங்கே கதவு சாத்தியதும் நான் தமிழில், "இந்த மாதிரி முறிவு அடியைத் தடுக்கிறப்ப வரும்மா. வீட்ல யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சொன்னா என்ன ஆகும் சிஸ்டர்?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தபிறகுதான் அவள் சொன்னாள். டாக்டர் அப்படியே எழுதினார். அன்று அவள் போலீஸில் எதுவும் கொடுக்கவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு அதே வீட்டுக்குத்தான் திரும்பினாள். ஒன்றரை வருஷம் கழித்து, இரண்டு குழந்தைகளுடன் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டபோது, நீதிமன்றத்தில் அவள் கையில் இருந்த முதல் ஆதாரம் அந்தக் காகிதம். வீட்டில் வசிக்கும் உரிமைக்கும் ஜீவனாம்சத்துக்கும் இடைக்கால உத்தரவு கிடைத்தது.

"சொன்னா என்ன ஆகும்?"

அவள் கேட்ட கேள்விக்கு விவரமாகவே பதில் சொல்கிறேன்.

முதலாவது, சிகிச்சை நிற்காது. 1989 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பரமானந்த கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்ட ஸ்கூட்டர்க்காரர் ஒருவரை, இது போலீஸ் கேஸ் என்று சொல்லி ஒரு மருத்துவமனை திருப்பி அனுப்ப, வேறு மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் இறந்துபோனார் என்ற பத்திரிகைச் செய்தியை வைத்து எழுந்த வழக்கு அது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும், முதலில் உயிரைக் காக்க வேண்டும், போலீஸ் நடைமுறைகள் அப்புறம்தான் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

இரண்டாவது, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ளது. இதன் 7-ஆவது பிரிவு, உதவி கேட்டு வரும் பெண்ணுக்கு மருத்துவ உதவி அளிப்பது மருத்துவமனையின் கடமை என்கிறது. இதன்கீழ் வந்த விதிகளில் 17-ஆவது விதி இன்னும் விவரமானது. முன்னதாக எங்கும் புகார் பதிவு செய்யவில்லை என்ற காரணத்துக்காக மருத்துவ உதவியை மறுக்கக்கூடாது. அவள் சார்பாக 'குடும்பச் சம்பவ அறிக்கை' என்ற படிவம் ஏற்கெனவே எழுதப்படாவிட்டால், மருத்துவமனைப் பொறுப்பாளரே அதை நிரப்பி அந்தப் பகுதியின் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை அவளுக்கு இலவசமாகத் தர வேண்டும். மருத்துவமனை ஊழியர்களிலேயே பலருக்கு இந்த விதி தெரியாது. ஆகவே நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மூன்றாவது, இது கணவனை ஜெயிலுக்கு அனுப்பும் சட்டமல்ல. பலரும் குழம்புவது இங்கேதான். 2005 சட்டத்தின் நோக்கம் பாதுகாப்பு. அடிக்கக்கூடாது என்று உத்தரவு, வீட்டை விட்டுத் துரத்தக்கூடாது என்று உத்தரவு, செலவுக்குப் பணம், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை, நஷ்ட ஈடு இவற்றை மாஜிஸ்டிரேட்டிடம் கேட்கலாம். மனு கிடைத்ததிலிருந்து சாதாரணமாக 3 நாட்களுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும், 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் இழுக்கும், ஆனால் அவசரத்தில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். உத்தரவை மீறினால்தான் தண்டனை: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நான்காவது, போலீஸ். எம்.எல்.சி. எழுதினால் போலீஸுக்குத் தகவல் போகும். போலீஸ்காரர் வந்து கேட்பார். அவரிடம் என்ன சொல்வது என்பது அவள் முடிவு. காயம் கடுமையானது என்றால் வழக்குப் பதிவாகக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் புகார் என்றாலே அன்றிரவே கைது என்பதில்லை. 498-ஏ வழக்குகளில் தேவையை எழுத்தில் காட்டாமல் இயந்திரம் போல் கைது செய்யக்கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் போலீஸாருக்கு வழிமுறை வகுத்திருக்கிறது. வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாவது, வீடு. "வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, நீ வெளியே போ" என்பது டில்லியில் அடிக்கடி கேட்கும் வசனம். மாமனார், மாமியாருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், அவள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது 'பகிர்ந்து வாழ்ந்த இல்லம்' ஆகலாம் என்று 2020 அக்டோபரில் டில்லியிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் தரப்பு நியாயத்தையும் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் சட்டப்படியல்லாமல் அவளைத் தூக்கி வெளியே போட முடியாது.

இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மகனிடம் அடி வாங்கும் தாய், அண்ணனிடம் அடி வாங்கும் தங்கை எல்லோருக்கும் பொருந்தும். காஷுவாலிடியில் "குளியலறையில் விழுந்த" வயதான அம்மாக்களும் உண்டு.

கேட்கத் தெரிந்த மருத்துவமனைகள்

மருத்துவமனையே முதலில் கை நீட்டலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் மும்பை பாந்திராவில் உள்ள கே.பி. பாபா மருத்துவமனையில், மாநகராட்சியும் 'செஹாத்' என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 'திலாசா' என்ற மையத்தைத் தொடங்கின. திலாசா என்றால் ஆறுதல். காஷுவாலிடியிலோ வெளி நோயாளிப் பிரிவிலோ டாக்டருக்கும் நர்ஸுக்கும் சந்தேகம் வந்தால், அதே கட்டடத்தில் உள்ள ஆலோசகரிடம் அனுப்புவார்கள். மருந்து வாங்க வந்தவள் மருந்து வாங்கத்தான் போனாள் என்றே வீட்டில் நினைப்பார்கள்; அவள் பேசிவிட்டு வரலாம். பின்னர் இந்த முறை மும்பையின் வேறு மருத்துவமனைகளுக்கும் பரவியது. கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் 'பூமிகா' மையங்கள் வந்தன. சென்னையில் பி.சி.வி.சி. என்ற அமைப்பு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டுக்கே சென்று பெண்களுக்குத் துணை நிற்கிறது.

2015 முதல் மத்திய அரசின் 'சகி' ஒரே இட உதவி மையங்கள் நாடெங்கும் ஏற்பட்டன. சிகிச்சை, போலீஸ் உதவி, வக்கீல், மன ஆலோசனை, சில நாள் தங்கல் ஆகியவை ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். டில்லியில் சில அரசு மருத்துவமனை வளாகங்களிலேயே இவை இயங்குகின்றன.

எப்படிக் கேட்பது என்பதற்கும் முறை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி, வருகிற எல்லாப் பெண்களையும் பட்டியல் போட்டு விசாரிக்கச் சொல்லவில்லை. காயமோ நோயோ சந்தேகம் தரும்போது, தனிமையில், குற்றம் சாட்டாத குரலில் கேட்கச் சொல்கிறது. காது கொடுத்துக் கேள், தேவையை விசாரி, "உன் பேரில் தப்பில்லை, உன்னை நம்புகிறேன்" என்று சொல், பாதுகாப்புக்கு வழி யோசி, உதவி கிடைக்கும் இடத்தைக் காட்டு. இவ்வளவுதான். "நீ என்ன செய்தாய், அவர் ஏன் அடித்தார்?" என்ற கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை.

அழைத்துச் செல்கிறவர்கள் கவனத்துக்கு

பக்கத்து வீட்டு மாமி, சங்கத்துச் சகோதரி, வேலைக்கு வரும் பெண்ணின் எஜமானி என்று நம்மில் யாராவது ஒருவர் ஒரு நாள் ஒரு பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேரலாம். அப்போது நினைவில் வைக்க வேண்டியவை:

1. அவளுக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். மொழிபெயர்த்தால் அவள் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். குழந்தையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். தமிழோ மலையாளமோ தெரிந்த நர்ஸ் பெரும்பாலும் எங்காவது இருப்பார், கேளுங்கள்.

2. அவளைத் தனியாகப் பரிசோதிக்கும்படி டாக்டரிடமோ நர்ஸிடமோ மெதுவாகச் சொல்லுங்கள். உறவினரை வெளியே அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

3. எம்.எல்.சி. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பரிசோதனை அறிக்கையின் நகல் கேட்டு வாங்குங்கள். அது வீட்டில் இருக்க வேண்டாம்; நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும்.

4. கழுத்து நெரிப்பு, தலையில் அடி, கர்ப்பம், நினைவு தப்பியது இவற்றை அவள் சொல்ல மறந்தாலும் டாக்டரிடம் சொல்ல நினைவூட்டுங்கள்.

5. வீட்டுக்கு அனுப்புமுன், "இன்றிரவு வீட்டுக்குப் போக பயமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவன் கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தாலோ, அடி வரவர அதிகமாகி வந்தாலோ அன்றே அனுப்பாதீர்கள்.

6. திரும்பிப் போவதே அவள் முடிவானால் மதியுங்கள். ஆதார் அட்டை, பாங்க் புத்தகம், ரேஷன் கார்டு, குழந்தைகளின் சான்றிதழ், கொஞ்சம் பணம், ஒரு மாற்றுச் சேலை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வெளியே ஓரிடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

7. அவளால் எழுத முடியாவிட்டால் நீங்களே பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் தரலாம். 2005 சட்டத்தின் 4-ஆவது பிரிவு, நல்லெண்ணத்தோடு தகவல் தருகிறவர் மீது எந்தப் பொறுப்பும் வராது என்று உறுதி தருகிறது. "நமக்கேன் வம்பு" என்பதற்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது.

சில எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனடி ஆபத்துக்கு 112. பெண்களுக்கான உதவி எண் 181. 2012 டிசம்பர் சம்பவத்துக்குப் பின் டில்லியில் வந்தது. இலவச சட்ட உதவிக்கு நாடெங்கும் 15100, டில்லியில் 1516. பெண் என்றாலே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. போனில் இந்த எண்களைப் 'பெண்கள் உதவி' என்று சேமிக்காமல் 'மளிகைக் கடை' என்று சேமித்து வைப்பது புத்திசாலித்தனம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நாம் பொங்கல் கொண்டாடுகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறோம். இந்த ஊரில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லாத குறையை ஓரளவாவது தீர்க்கக் கூடியவர்களும் நாம்தான். ஹிந்தியும் தமிழும் நன்றாகத் தெரிந்த பத்துப் பெண்மணிகள் பேர் கொடுத்தால் போதும். ராத்திரி எந்நேரமானாலும் ஒருவர் காஷுவாலிடிக்குப் போய் மொழித்துணையாக நிற்கலாம். அறிவுரை சொல்ல வேண்டாம், சமாதானம் பேச வேண்டாம், விஷயத்தை வெளியே கொண்டு போகவும் வேண்டாம். அவள் சொல்வதை அவள் சொன்னபடியே டாக்டரின் காதில் போட்டால் போதும். பேர் கொடுக்கிறவர்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதலாம். முதல் பேர் என்னுடையது.